ராசாத்தியின் முழங்கைத் தடிப்பு

இரண்டாம் முறை பார்த்தபோதும் அந்தத் தடிப்புக்குப் பெயர் கிடைக்கவில்லை. கமலக்கண்ணனுக்கு எரிச்சல் வந்தது. சேலத்தில் பேர்பெற்ற தோல் மருத்துவர் அவர். காப்பி எஸ்டேட்காரர் கெஞ்சியதால் மலைமேலுள்ள வெள்ளக்கடை கிராமத்துக்கு வந்து, மூடுபனி ஜன்னல் வழியே நுழைந்து ஈரச் சாக்கின் வாடையையும் காப்பிப்பழத்தின் புளிப்பையும் மேஜைமேல் இறக்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய குடோனில், காலையிலிருந்து தொழிலாளர் யாரையும் தொடாமல், மூக்கில் கைக்குட்டையோடு, நாற்காலியிலிருந்தே நோயைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். வெள்ளிச் செதில் உதிர்ந்தால் சொரியாசிஸ். ஓரம் மேடிட்டு நடு தெளிந்தால் படர்தாமரை. ஊதாவாக, தட்டையாக மினுங்கினால் லைக்கன் பிளானஸ். இந்தச் சனத்தின் தோலில் வேறென்ன இருந்துவிடப் போகிறது?

"குளிக்கிற பழக்கம் உண்டா?"

"தினமும் குளிக்கறனுங்க," என்றாள் பழம் பறிக்கும் ராசாத்தி.

முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பு. செதிலில்லை, நிறமாற்றமில்லை. சற்றுமுன் இருந்ததைவிட மணிக்கட்டை நெருங்கியிருந்தது.

"அரிக்குதா?"

"ஒண்ணுமே தெரியலீங்க டாக்டரு. அந்த எடமே என்னுது இல்லாத மாதிரி இருக்குதுங்க."

உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய், மாத்திரையில் போய்விடும். அலட்சியமாகப் புது ஊசியைப் பிரித்து, அவளைக் கண்ணை மூடச்சொல்லி, தடிப்பில் குத்தினார்.

அவருடைய முழங்கை சுரீரென்றது.

எறும்பாக இருக்கும். மறுபடி குத்தினார். மறுபடி அதே இடம்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் வாசலை நெருங்கியிருந்தார்கள்.

"குத்திட்டீங்களா?" கண்ணைத் திறந்த ராசாத்தி அவருடைய வெள்ளைக் கோட்டின் கையைப் பார்த்தாள். இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"நொம்ப நோவுதுங்களா?"

"போ. அடுத்த ஆள் வரட்டும்."

அவள் போகவில்லை. அவர் விரல்களிலிருந்து ஊசியை மெல்ல வாங்கித் தன் தடிப்பில் முழுதாக இறக்கினாள். முகம் சுளிக்கவில்லை. அவர் தன் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஆளு வாங்க," வாசல் பக்கம் திரும்பிச் சொன்னாள். "நம்ம நோவெல்லாம் இவருகிட்டதான் இருக்குதாட்ட."

வந்தார்கள். பனியிலிருந்து ஒவ்வொருவராக. சட்டைக் கையை மடித்தார்கள். முந்தானையை விலக்கினார்கள். தோள். முதுகு. கணுக்கால். எல்லாம் அதே தடிப்பு. பெயரில்லாதது.

கடைசியாக வந்தவருக்குக் கழுத்தில் இருந்தது. செடிக்கிளை வெட்டும் கவாத்துக் கத்தியோடே வந்திருந்தார். அதன் நுனியைத் தன் தடிப்பில் மெதுவாக ஊன்றிக்கொண்டு, டாக்டரின் கழுத்தையே பார்த்தபடி நின்றார்.