கடைசிப் பிடி சோயா

"எங்க தெம்பேல கலப்பா? உங்க மிஷின்தான் ரோசாக், கெட்டுப்போச்சு லா, மிஸ்!"

கூலிம் உணவு ஆய்வுக்கூடத்தின் வரவேற்பறையில், மழையில் நனைந்த சட்டையோடு கத்திக்கொண்டிருந்தான் சசிதரன். செமிலிங்கில் அம்மாவோடு சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பே செய்கிறவன். 'மரபணு மாற்றாத சோயா' என்று லேபிள் ஒட்டி, மெர்கோங்கில் உள்ள ஒரு கடைக்கு அனுப்ப வேண்டும். அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர்! அதில்தான் மரபணு மாற்றிய சோயா கொஞ்சம் கலந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தாள் ஆய்வாளர் ரூபினி.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப நேர்ல வந்து பாருங்க!"

கோபத்திலும் அவன் கண்கள்... சே, இதென்ன நினைப்பு!

மறுநாளே அவர்கள் தெம்பே செய்யும் இடத்துக்கு மாதிரி எடுக்கப் போனாள், வீம்புக்குத்தான். அவன் அம்மா பிரேமாவதி புது மூட்டையைப் பிரித்தார். பழைய மூட்டையில் மிச்சம் வைத்திருந்த ஒரு பிடியைக் கண்ணில் ஒற்றி, அதில் போட்டார்.

"ஆன்ட்டி... அது எதுக்கு?"

"மூட்டைய வழிச்சு தொடச்சிரக் கூடாதும்மா. ஒரு பிடியாவது புதுசுல சேரணும். எப்பவும் அப்படித்தான்."

சசிதரனின் முகம் வெளுத்தது. "போன மாசம் வரைக்கும் மரபணு மாத்தின சாதா சோயாதான் வாங்கினோம்..."

"அந்த ஒரு பிடி போதும், டெஸ்ட்ல காட்டிடும்," என்றாள் ரூபினி மெல்ல.

அம்மாவின் கண் கலங்கியது. அவன் அவர் தோளைத் தொட்டுவிட்டு, உடனே கடைக்குப் போன் போட்டான். "அண்ணே, சரக்கு அனுப்பல. லேபிள்ல போட்டது உண்மையில்ல... தப்பு என்னுதுதான்." மறுமுனையில் ஏச்சு விழுந்தது. ஆர்டர் போயே போய்விட்டது.

ரிப்போர்ட்டைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களையே பார்த்துப் பழகியவள் ரூபினி. இவன் கேட்கவே இல்லை.

"எல்லாத்தையும் கழுவிட்டு, புதுசா சாம்பிள் அனுப்பறேன். உங்களுக்கு இல்ல... பினாங்கு லேபுக்கு," என்றான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. "இன்னும் என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு மிஸ். ஆனா என் சரக்கு நல்லதா கெட்டதான்னு சொல்ற இடத்துல நீங்க இருக்கற வரைக்கும், உங்கள பிடிச்சிருக்குன்னு நான் எப்படி லா சொல்றது?"

தகரக் கூரையில் மழை இரைந்தது. ரூபினி மாதிரிப் பையைக் காலியாகவே மூடினாள்.

"பினாங்குல ரிப்போர்ட் வர பத்து நாளாகும்..."

"காத்திருக்கேன்."

"நான் காத்திருக்க மாட்டேன், சசி. எனக்கும் உங்கள பிடிச்சிருக்கு."