அணைக்காத மைக்

ரேடியோவைத் தொடும் உரிமை அன்று காலை அத்தைக்கு மட்டும்தான். மூத்த மகன் நேரலையில் பேசப் போகிறான். மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம்கூட அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது.

"குழாயை மூடும்மா. என் பிள்ளை பேசறது காதுல விழ வேண்டாமா?"

மருமகள் மூடினாள். நுரை படிந்த கையோடு அப்படியே நின்றாள்.

இளையவன் மேசை மேல் கரண்டியால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். அண்ணனின் பாட்டுக் குழுவில் டிரம் அடிப்பவன். வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு 'இடி' என்றே பெயர்.

"உன்னை ஏண்டா கூப்பிடல?" என்றாள் அத்தை.

"நான் அடிக்கிறதை நிறுத்தினாத்தான்மா, நான் இருந்ததே ஊருக்குத் தெரியும்."

கார் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் நாலு பேராகத் தொடங்கிய ராக் குழு அது. கிதார் இரைச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் கல்லெறிந்த காலம் உண்டு. இப்போது அவர்கள் பெயர் சொன்னால் அரங்கம் நிரம்புகிறது. அந்தக் கொட்டகையில் முதலில் பாடியவள் இந்த மருமகள்தான். பகலெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி போட்டு, சாயங்காலம் வந்து பாடுவாள். குழுவுக்கு முதல் பெரிய மேடை கிடைத்த அன்று, தொண்டை கட்டிவிட்டது, இனி பாட முடியாது என்று சொல்லி விலகிக்கொண்டாள். பிறகு டாக்டர் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பொய்க்காரி.

வானொலியில் பேட்டி எடுப்பவள் கேட்டாள். "ஆரம்பத்துல ஒரு பெண் பாடினாங்களாமே?"

பதிலாக வந்தது மருமகளின் கணவன் குரல். "பாதியில கைவிட்டுப் போனவங்களைப் பத்தி என்ன பேசறது… வேற கேளுங்க."

இடியின் கரண்டி நின்றது. அத்தை மட்டும், "உள்ளதைத்தானே சொன்னான்," என்றாள்.

வலிக்கும் என்று மருமகள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பல்லைப் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது நெஞ்சு. குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள்.

பழைய ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துப் போக வந்த சவுண்டுக்காரர் வாசலில் நின்றபடியே அதைக் கேட்டிருந்தார். அந்த முதல் மேடையிலிருந்து இன்றுவரை குழுவுக்கு மைக்கும் ஒலியும் பார்ப்பவர் அவர்.

"என்னம்மா இது? உன் புருஷன் இப்படிப் பேசறான். நீ இன்னுமா சொல்லல?"

"எதைண்ணே?"

"அன்னிக்கு அந்த ரெக்கார்டு கம்பெனிக்காரன் மேடையில வச்சு உன்கிட்ட சொன்னானே. 'நீ மட்டும் வா, புருஷனையும் தம்பியையும் கழட்டி விடு, இல்லன்னா இன்னிக்கு மேடையே கிடையாது'ன்னு. உன் பக்கத்துல இருந்த மைக்கை நான் அணைக்கல. ஹெட்போன்ல முழுசும் கேட்டுச்சு. 'என் குரல் போயிடுச்சு, அவரு பாடுவாரு, மேடையை அவங்களுக்கே குடுங்க'ன்னு நீ கெஞ்சினதும் கேட்டுச்சு. வீட்டுல நீயே சொல்லியிருப்பேன்னுதான் நான் வாயைத் திறக்கல."

அத்தையின் கை தானாகப் போய் ரேடியோவை அணைத்தது.

"அண்ணி…" இடி கரண்டியைக் கீழே வைத்தான். "நானும்தானே உங்களைப் பொய்க்காரின்னு சொன்னேன்…"

"பொய்தானேப்பா சொன்னேன்," என்றாள் அவள்.

மதியம் கணவன் கையில் பூங்கொத்தோடு வந்தான். வாசலிலேயே தம்பி மறித்து விஷயத்தைச் சொன்னான். உள்ளே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலருகே தரையில் உட்கார்ந்தான்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அன்னிக்குப் பாடியிருப்பீங்களா? கிதாரைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பீங்க."

அவன் அவள் மடியில் முகம் புதைத்துக் குலுங்கினான். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் பாவி… உன்னை என்னென்ன பேசினேன்…" என்று அழுதாள்.

மருமகளின் கை கணவன் தலையைத் தடவியது. மன்னிப்பா, பழக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டிலிருந்த எல்லோரும் அழுதார்கள், அவளைத் தவிர.

"நாளைக்கே ரேடியோவுல போய்ச் சொல்றேன். அடுத்த மேடையில நீ பாடு. இல்ல, என்னைத் திட்டு… ஒரு வார்த்தையாவது திட்டு."

"திட்ட வரலைங்க. உள்ள மரத்துக் கிடக்கு."

மடித்த துணிகளில் தன்னுடையதை மட்டும் பிரித்து ஒரு பையில் வைத்தாள்.

"எங்க கிளம்பற?"

"எங்க அக்கா வீட்டுக்கு."

"கோவிச்சுக்கிட்டா?"

"இல்லைங்க," என்று பையைத் தோளில் மாட்டினாள். "கோவம் வர்ற வரைக்கும் அங்க இருக்கேன். வந்ததும் திரும்பி வந்து நல்லாத் திட்டறேன். நீங்க எல்லாரும் வீட்டுல இருங்க."