மூன்று தட்டு, பதிலுக்கு இரண்டு

டிவி அதிர்ந்தது. படம் அல்ல, பெட்டியே அதிர்ந்தது. சுவரோடு சேர்த்து மூன்று முறை, நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் விட்டு விட்டு.

"டெரிக், கேட்டுச்சா?"

"என்னது?" மடியில் சிப்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்த மர்லீனின் கணவன் டெரிக் திரும்பக்கூட இல்லை.

"சுவத்துல மூணு தட்டு."

"தண்ணிக் குழாயா இருக்கும்மா. குளிருக்குச் சுருங்குது. பக்கத்து வீட்டுல ஆளே கிடையாது, பேய் வந்தா தட்டப்போகுது?" என்று சிரித்துவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். திரையின் அடியில் பச்சைக் கோடு நீண்டது.

மர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அது குழாய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கேட்ட தட்டு அது.

அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் தோளோடு தோள் ஒட்டியவை. இவள் வீட்டுக் கணப்பும் பக்கத்து வீட்டு எட்னாவின் கணப்பும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்தவை. கரி போய் காஸ் வந்த பிறகும், நெருப்புக் கிளறும் இரும்புக் கம்பியை யாரும் தூக்கிப் போடவில்லை. கணப்பின் பின்சுவரில் கம்பியால் மூன்று தட்டு தட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். பதிலுக்கு இரண்டு தட்டினால், கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். அவரவர் வீட்டுச் சாவி மற்றவரிடம் இருக்கும். டெரிக்குக்கு நெஞ்சு வலித்தபோது மர்லீன் மூன்று தட்டினாள். எட்னா பாதி உடுத்த கவுனோடு ஓடி வந்தாள். அந்த நன்றி ரொம்ப வருஷம் இருந்தது.

எட்னாவுக்கு எண்பத்தேழு ஆன பிறகுதான் தொல்லை. ஜாடி மூடி திறக்கவில்லை, மூன்று தட்டு. கண்ணாடியைக் காணோம், மூன்று தட்டு. ஒவ்வொரு சாயங்காலமும் டீ ஆறிப்போகும். மர்லீனுக்கு அலுத்துவிட்டது. அதனால் பழைய காஸ் கணப்பைப் பிடுங்கிவிட்டு டிவி மாட்டலாம் என்று டெரிக் சொன்னபோது அவள்தான் முதலில் தலையாட்டினாள். வேலைக்கு வந்த ஆள் பொந்துக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்ச் சொன்னதும் அவள்தான்.

"இன்னும் கொஞ்சம் அடைங்க. அந்தப் பக்கத்துச் சத்தமே வரக்கூடாது."

"இதுக்கு மேல அடைச்சா செத்தவன் கத்தினாலும் கேக்காது மேடம்."

பலகை அடித்து, பூசி, வெள்ளை அடித்து, மேலே ஐம்பத்தைந்து அங்குல டிவி. எட்னாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஆறு வாரம் போயிற்று. சத்தம் இல்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் மட்டும், போய்ப் பார்க்கலாமா என்று எட்னாவின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். வெளியே மழை. திரும்ப மாட்டிவிட்டாள்.

கடைசியில் போலீஸ் கதவைத் திறந்து பார்த்தபோது, எட்னா தன் வீட்டுக் கணப்பின் முன் இடுப்பு முறிந்து கிடந்து செத்திருந்தாள். ஐந்து நாள் உயிரோடு கிடந்திருப்பாள் என்றார்கள். கையில் கம்பி. சுவரில் ஒரு செங்கல் பாதி தேய்ந்து, முகத்தில் செம்பொடி.

"உங்களுக்கு எதுவும் கேக்கலையா?" என்றார் போலீஸ்காரர்.

"ஒண்ணுமே கேக்கலைங்க."

பொய் இல்லை. அதுதான் அவளைத் தின்றது. வீட்டைக் காலி செய்ய வந்த எட்னாவின் மகள் கடைசியில் கதவருகே நின்று தயங்கினாள். "உங்க வீட்டுச் சாவி மட்டும் எங்க தேடியும் கிடைக்கலை. அம்மா கழுத்துலயே போட்டிருப்பாங்க. கூடவே போயிருச்சு போல."

டிவி அதிர்ந்த மறுநாளும் தட்டு வந்தது. அதற்கு மறுநாளும். டெரிக் வேலையில் இருக்கும்போது, சாயங்காலம் நான்கு மணிக்கு, வெளிச்சம் சாம்பல் நிறமாகும் நேரத்தில். டிவிக்கு அடியில் கம்பளத்தில் செம்பொடி உதிர்ந்திருந்தது. துடைத்தாள். மறுபடி உதிர்ந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியிலிருந்து கரிப்புகையும் மூட்டுவலித் தைலமும் கலந்த ஒரு வாடை மெல்லக் கிளம்பி, சோபாவில், திரைச்சீலையில், அவள் தலைமுடியில் ஏறிக்கொண்டது. டெரிக்குக்கு எதுவும் தெரியவில்லை. மர்லீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதிலுக்கு இரண்டு தட்டிவிட்டால் நின்றுவிடுமோ என்று கை துடித்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போவது என்ற பயத்தில் கையை அக்குளில் செருகிக்கொண்டாள்.

சனிக்கிழமை. டெரிக் கால்பந்து பார்க்கப் போயிருந்தான். ஆட்டம் முடிந்து, பப்பில் குடித்துவிட்டு வர எட்டு மணி ஆகும். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மணி நான்கு. தட்டு வரவில்லை. நான்கே கால். வரவில்லை. மர்லீனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டிவிக்கு மேலே சுவரில் காதை வைத்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

டொக்.

காதுக்குள்ளேயே. முக்காலி நழுவியது. விழுந்தபோது இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் தனியாகக் கேட்டது.

எழ முடியவில்லை. காலை அசைத்தால் கண் இருண்டது. போன் சமையலறையில். கத்தினாள், டிவியில் யாரோ அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். ரிமோட் சோபாவில். எட்டவில்லை. எட்டியது சுவர் மட்டும்தான்.

யோசிப்பதற்குள் கை தட்டிவிட்டது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். மூன்று தட்டு.

பலகைக்குப் பின்னால் பஞ்சு. அவளே அடைக்கச் சொன்ன பஞ்சு. யாருக்கும் கேட்காது. ஐயோ, யாருக்கும் கேட்கக்கூடாது.

டொக். டொக்.

கேட்டுவிட்டது.

"வேண்டாம்," என்றாள். "எட்னா, வேண்டாம்."

பக்கத்து வீட்டு வாசல்கதவு. ஈரத்தில் ஊதிப்போன கதவு, உதைத்தால்தான் திறக்கும். உதைபட்டது. திறந்தது. நடைபாதையில் செருப்பு தேயும் சத்தம். சர்ரக். சர்ரக். கூடவே கல்லில் இரும்பு உரசும் சத்தம். அவசரமே இல்லை.

பூட்டில் சாவி. ஒரு சுற்று.

தைல வாடை.

"வந்துட்டேன் கண்ணு. ரொம்ப நேரமாத் தட்டினியா?"

தரையில் கிடந்தவளுக்குச் செருப்புகள் மட்டுமே தெரிந்தன. செம்பொடி படிந்த செருப்புகள். அவை அவள் முகத்தைத் தாண்டிப் போயின. நிற்கவில்லை. டெரிக்கின் இருக்கை கிறீச்சென்று அமுங்கியது. இரும்புக் கம்பி முழங்கால்கள்மேல் குறுக்கே வைக்கப்பட்டது.

மர்லீன் மறுபடி சுவரில் தட்டினாள். மூன்று. மறுபடி மூன்று.

பொடி உதிரும் விரல் ஒன்று ரிமோட்டை எடுத்தது. திரையின் அடியில் பச்சைக் கோடு நீண்டது.