ஷில்பா சொன்ன தோத்திரம்

ஊரில் எத்தனையோ சொற்கள் இருக்க, ஒரே ஒரு சொல், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் என்ற தெருவில் எதிரெதிர் வீடுகளுக்குள் சண்டை மூட்டிவிட்டது. அந்தச் சொல் ‘தோத்திரம்’. அதைச் சொன்னவள் ஷில்பா. ஆனால் பயந்து நடுங்கியவள் ஈவ்லின்.

ஈவ்லினுக்குப் பத்து வயது. எதிர்வீட்டு ஷில்பாவும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆடி மாதம் ஷில்பா வீட்டில் கூழ் ஊற்றினால் முதல் சொம்பு ஈவ்லின் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் கேக்கில் பெரிய துண்டு ஷில்பாவுக்குப் போகும். இதில் இவானுக்கு மட்டும்தான் வருத்தம். இவான் ஈவ்லினின் தம்பி. வயது ஆறு, பேச்சு அறுபது.

மே மாதம் சர்ச்சில் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கியது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசியில் கொடுக்கும் ஆரஞ்சு ஜூஸ் தீர்ந்துவிடும் என்பதால், எல்லாரும் வி.பி.எஸ். என்றே சொல்வார்கள். தினமும் காலையில் பாட்டு, கதை, படம் வரைதல். கடைசி நாள் சனிக்கிழமை, லைன் லைனாகப் பாடிக்கொண்டு ஊர்வலம்.

“நீயும் வாயேன்” என்று ஈவ்லின் கூப்பிட்டாள். ஷில்பாவும் குதித்துக்கொண்டு வந்தாள். ‘வீட்டில் கேட்டாயா?’ என்று ஈவ்லின் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வி.பி.எஸ்.ஸில் நேசமணி டீச்சர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, “தோத்திரம், டீச்சர்” என்று ராகம் போடுவார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் அப்படித்தான் சொல்வார்கள். கடவுளுக்கு நன்றி என்று பொருள். ஷில்பாவுக்கு அது எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்தில் ‘குட் மார்னிங்’ போல இங்கே ‘தோத்திரம்’ என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஷில்பாவின் அப்பா மனோகர் வீட்டுக்கு வந்தார். விடிவதற்குள் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புகிறவர் அவர். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார். அப்போது ஷில்பா கைகூப்பிக்கொண்டு, “தோத்திரம், அப்பா” என்றாள்.

இன்னொரு செருப்பு காலிலேயே நின்றுவிட்டது.

“இன்னாது? இன்னா சொன்ன?”

“தோத்திரம்ப்பா. பெரியவங்களுக்குச் சொல்ற மரியாத.”

“யார் சொல்லிக் குடுத்தது?”

“வி.பி.எஸ்.ல எல்லாரும் சொல்வாங்கப்பா.”

மனோகர் ஒற்றைச் செருப்போடு தெருவுக்கு வந்தார். அங்கே ஈவ்லினும் இவானும் மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு என் பொண்ண கேக்காம கொள்ளாம அங்க கூட்டினு போனது? அந்த டீச்சரம்மாவா?”

‘நான்தான்’ என்று சொல்ல ஈவ்லின் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. யாரும் பதில் பேசாததைக் கண்டு மனோகர் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

“ஓ, அந்தம்மாதானா? எங்க புள்ளைங்கள மாத்தப் பாக்கறாங்களா? சனிக்கிழம ஊர்வலம் வருதாமே. எனக்கும் லீவுதான். பாட்டு கீட்டுன்னு இந்த லைன்ல கால வெச்சாங்கன்னா, அப்புறம் இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது.”

ஷில்பாவை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் இவான் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் இந்தச் செய்தி நேசமணி டீச்சர் காதுக்குப் போனது.

“நாம பின்னாடி லைன்ல போயிடலாம். சண்ட எதுக்கு?” என்றார் டீச்சர். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஆனா நான் யாரையும் போய்க் கூட்டினு வரலையே. அவருக்கு எம்மேல இன்னா கோவம்?”

ஈவ்லின் குனிந்து தன் கால் விரல்களை எண்ணினாள். பத்துதான் இருந்தன.

அன்று ஊர்வலப் பாட்டுக்கு ஒத்திகை. கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவள் ஈவ்லின்தான். “பயமில்லை, பயமில்லை, இயேசு கூட வருகிறார்” என்று அவள் பாட, மற்றவர்கள் “ஊரெல்லாம் நான் நடப்பேன், ஒரு கை அவர் பிடிக்கிறார்” என்று முடிக்க வேண்டும். பாட்டில் பயம் இல்லைதான். பாடியவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, ஈவ்லின் ஒரு காரியம் செய்தாள். வழக்கமாகக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பைபிளைப் பைக்குள் போட்டாள். அதன்மேல் டிராயிங் நோட்டை வைத்தாள். நோட்டின்மேல் கர்ச்சீப்பையும் வைத்தாள். பிறகு எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே ஓரமாக நடந்தாள்.

“மனோகர் அங்கிள்தான் ஊர்லயே இல்லையே. ரயில் போயிடுச்சு” என்றான் இவான்.

உண்மைதான். அவர் அந்நேரம் பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் வீட்டுக் கதவுக்கே ஈவ்லின் பயந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

“இவான், நாளைக்குப் பின்னாடி லைன்ல போறோம். ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு எப்டிப் போறது? அப்பவும் சுத்தினு போறதா?”

“போலாமே. அங்க நாய் இல்ல” என்றான் இவான்.

தம்பியிடம் யோசனை கேட்டது தன் தவறு என்று நினைத்தபடி ஈவ்லின் நடையை எட்டிப் போட்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

ரயில் வந்து, ஆட்கள் வீடு திரும்பினார்கள். மனோகரும் உள்ளே போனார். ஈவ்லின் அம்மாவிடம் போய், புதன்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“நான் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேம்மா.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். “நானும் வரட்டா?”

“நீ வாசல்ல நில்லு. அது போதும்.”

தெருவில் இறங்கும்போது ஈவ்லின் மனதுக்குள் ஜெபம் செய்தாள். ‘ஆண்டவரே, அவர் தூங்கிப் போயிருக்கட்டும். இல்லை இல்லை, முழித்தே இருக்கட்டும். ஆனால் கோபம் தீர்ந்திருக்கட்டும்.’

எதிர்வீடு பத்தடி தூரம். அன்றைக்குப் பங்காருபேட்டைவரை நடப்பது மாதிரி இருந்தது. துணைக்கு வந்த இவான் பாதி வழியில், “எனக்கு வீட்டுல வேல கீது” என்று சொல்லித் திரும்பி ஓடிவிட்டான்.

கதவைத் தட்டினாள். மனோகரே திறந்தார்.

“இன்னா பாப்பா?”

ஈவ்லின் மூச்சுவிடாமல் பேசினாள். “அங்கிள், டீச்சர் ஷில்பாவ கூட்டினு போகல. நான்தான் கூப்புட்டேன். உங்கள கேக்காம கூட்டினு போனது என் தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

மனோகர் அவளையே பார்த்தார். “அந்த வார்த்தையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“யாரும் சொல்லிக் குடுக்கல அங்கிள். நாங்க டீச்சருக்குச் சொல்வோம். அவ அத குட்மார்னிங்னு நெனச்சுட்டா.”

“ஆமாம்ப்பா, குட்மார்னிங்னுதான் நெனச்சேன்” என்று உள்ளேயிருந்து ஷில்பாவின் குரல் வந்தது.

“நீ சும்மா இரு” என்றார் மனோகர். பிறகு ஈவ்லின் பக்கம் திரும்பினார். “இனிமே கூட்டினு போவியா?”

“நீங்க சரின்னா கூப்புடுவேன். வேணாம்னா கூப்புட மாட்டேன்.”

“வேணாம்.”

“சரி அங்கிள்.” உள்ளே ஷில்பா இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

“இந்த லைன்ல பாட்டும் வேணாம்.”

இதற்கும் ஒரு ‘சரி’ நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த நிமிடம் வீட்டில் இருக்கலாம். கால்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. ஈவ்லின் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அது மட்டும் முடியாது அங்கிள். ஷில்பா உங்க பொண்ணு, நீங்க சொல்றதுதான். ஆனா இயேசுன்னா எனக்கு உயிரு. காலைல பைபிள பையில ஒளிச்சு எடுத்துனு போனேன். ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. இனிமே ஒளிக்க மாட்டேன். டீச்சர் ஒத்துக்கிட்டா நாளைக்கு இப்டியேதான் பாடினு வருவேன்.”

“என்னப் பாத்தா பயம் இல்லையா?”

“ரொம்ப பயமா கீது அங்கிள். பயந்துனே பாடுவேன்.”

மனோகர் ஒரு கையைக் கதவில் வைத்தார். “நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பார்க்கலாமா? அம்மா ‘பார்க்கலாம்’ என்றால் வாங்கித் தரமாட்டாள் என்று பொருள். ஹெட்மாஸ்டர் ‘பார்க்கலாம்’ என்றால் முதுகைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான். மனோகர் சொன்னால் என்ன பொருள் என்று ஈவ்லினுக்கு விளங்கவே இல்லை. தூக்கமும் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை காலை நேசமணி டீச்சரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் அவள் தலையில் கைவைத்தார்.

“சரி, முன் லைன்லயே போலாம். நான் உன் பக்கத்துலயே வரேன். அவர் நிறுத்தச் சொன்னா, நின்னு மரியாதையா பேசுவோம்.”

நாற்பது பிள்ளைகள், நாற்பது காகிதத் தொப்பிகள், லாய்ட் அண்ணன் கழுத்தில் டோலக். ஊர்வலம் உற்சாகமாகத்தான் கிளம்பியது. ஸ்கெலட்டன் லைன் திருப்பத்தில் அந்த உற்சாகம் போன இடம் தெரியவில்லை.

நடுத்தெருவில் மனோகர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

பின்னால் பாட்டு அறுந்தது. டோலக் நின்றது. இவான் டீச்சரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தான். ஈவ்லின் கொடியை உயர்த்திப் பிடித்தாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, தனியாகப் பாடத் தொடங்கினாள்.

“பயமில்லை, பயமில்லை...”

குரல் ஆட்டுக்குட்டியின் குரல்போல நடுங்கியது. இருந்தாலும் விடாமல் பாடினாள். டீச்சர் சேர்ந்துகொண்டார். பிறகு நாலைந்து பிள்ளைகள். பாடிக்கொண்டே மனோகருக்கு எதிரில் வந்து நின்றார்கள். அவர் நகரவில்லை.

“மனோகர் அண்ணா” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்க பாடுங்க டீச்சரம்மா. இன்னா பாடறீங்கன்னு என் காதால முழுசா கேக்கணும். கேட்டாத்தான் என் மனசு ஆறும்.”

ஷில்பாவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர்வலத்தின் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார்.

பரீட்சை ஹாலில் மேற்பார்வை செய்கிறவர் மாதிரி வந்தார் மனிதர். ஒவ்வொரு வரிக்கும் காதைத் திருப்பினார். ஒரு சொல் தப்பினாலும் என்ன ஆகுமோ என்று பயந்து பாடியதில், அந்த வருட வி.பி.எஸ். பிள்ளைகள் பாடியதுபோல இதுவரை யாரும் பிழையில்லாமல் பாடியதில்லை. ஊர்வலம் போகவேண்டிய மூன்று லைன்களும் அப்படியே கடந்தன.

சர்ச் கேட்டுக்கு வெளியே மனோகர் நின்றார். பாட்டும் முடிந்தது. நாற்பது தொப்பிகளும் அவர் பக்கம் திரும்பின.

“டீச்சரம்மா, உங்கள தப்பா நெனச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவால்லண்ணா” என்றார் நேசமணி டீச்சர்.

“ஷில்பா இங்கெல்லாம் வரமாட்டா. எங்க வீட்டுல எங்க சாமி கீது. ஆனா...” என்று ஈவ்லினைப் பார்த்தார். “சாயங்காலம் வெளயாட வருவா. நீயும் வா. பயந்துகினு நிக்காத.”

ஷில்பா சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு ஈவ்லின் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கொடிக்கம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பாட்டு அங்கிள்?”

மனோகர் தாடையைச் சொறிந்தார். “பாட்டுல ஒண்ணும் தப்பில்ல” என்றார். பிறகு லாய்ட் அண்ணன் பக்கம் திரும்பினார். “தாளம்தான் தப்பு. டோலக்க இப்டியா போட்டு அடிப்பாங்க? மூணு லைனும் எப்டித்தான் பொறுத்துனு வந்தேனோ.”

லாய்ட் அண்ணன் டோலக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“எங்கப்பா மாரியம்மன் திருவிழாவுல பம்பை அடிப்பாரு” என்று ஷில்பா பெருமையாக எல்லாருக்கும் சொன்னாள்.

அன்று வீடு திரும்பும்போதும் ஈவ்லின் முன் லைன் வழியாகத்தான் வந்தாள். ஊர்வலம் முடிந்துவிட்டது, பாடச் சொல்லவும் யாரும் இல்லை. ஆனாலும் பாடிக்கொண்டே வந்தாள்.