ரேணிகுண்டா ரோட்டில் இரண்டு சிவப்புக் கோடுகள்

போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது!

எஸ்.டி.டி. பூத்துக்காரன் ஒருவன். ரேணிகுண்டா ரோடு முழுக்க ரத்தமாம்... எவனையோ அடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறதாம் ஒரு வண்டி!

அரை மணி நேரத்தில் மாட்டினான் துலுக்காணம்.

பிச்சாட்டூர்க்காரன். மாங்காய் லாரி டிரைவர். ரோட்டோரம் நிறுத்தி இட்லி தின்றுகொண்டிருந்தான். லாரியின் முன்சக்கரம் இரண்டும்... சிவப்பு!

"குங்குமம் சார். நாளைக்கு குவைத் போறேன். கடைசி டிரிப்புன்னு காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில்ல வண்டிக்கு பூசை போட்டேன்."

எஸ்.ஐ. கோபிகிருஷ்ணன் ரோட்டில் நீண்டு கிடந்த இரண்டு சிவப்புக் கோடுகளைக் காட்டினார். "மூணு கிலோமீட்டருக்கா பூசை போட்ட?"

துலுக்காணம் இட்லியைக் கீழே வைத்தான்.

கேஸ் எழுதினால் பாஸ்போர்ட் ஸ்டேஷனிலேயே தங்கிவிடும். விடிகாலை விமானம் அவனில்லாமல் பறந்துவிடும். பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கி, டயர் கழற்றி, ஸ்டியரிங் பிடித்து வாங்கிய விசா!

துலுக்காணம் குந்தினான். கோட்டைப் பார்த்தான்.

"ரத்தம்னா ஈ மொய்ச்சிக்கினு இருக்கும் சார். ஒண்ணுகூட இல்ல பாருங்க."

"ஈங்க துன்னுட்டுப் போயிருக்கும்," என்றார் ஹெட் கான்ஸ்டபிள் ரங்கையா.

விரலால் தேய்த்தான். துணுக்குத் துணுக்காக உருண்டது. மோந்தான்...

ரப்பர்!

நாலு வருஷம் கங்கையாவின் ரீட்ரெடிங் பட்டறையில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி வேகவைத்தவன் அவன். பாரின் கம்பெனிகள் வந்து இறங்கிய நேரம். இனிமேல் எல்லாமே கலர்தான் என்று கங்கையா சிவப்பு ரப்பரை வாங்கிக் குவித்தார். ஒரு லாரிக்காரனும் சீண்டவில்லை. கருப்புப் பொடி சேராத ரப்பர்... பள்ளிக்கூடத்து அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும்.

எல்லாவற்றையும் சொன்னான். எஸ்.ஐ. கேட்டுவிட்டு, மிச்சக் கதையை ஸ்டேஷனில் சொல்லச் சொன்னார்.

கையில் விலங்கு. ஜீப்பின் பின்பெஞ்சு. கோட்டைப் பிடித்துக்கொண்டே பிணத்தைத் தேடிப் பறந்தது வண்டி!

துலுக்காணம் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

திடீரென்று சிரித்தான்.

"ஏமிரா, கொலை பண்ணிட்டு சிரிக்கிற?" என்றார் ரங்கையா.

"ஒரேவாட்டி பிரேக்க அழுத்தச் சொல்லுங்க சார்."

கிரீச்ச்ச்...!

எல்லோரும் இறங்கினார்கள். திரும்பிப் பார்த்தார்கள்.

புத்தம்புதிதாக இரண்டு சிவப்புக் கோடுகள். ஓடி வந்து... போலீஸ் ஜீப்பின் பின்சக்கரத்துக்குக் கீழே முடிந்தன!

எஸ்.ஐ. மெதுவாக ரங்கையாவைப் பார்த்தார். ரங்கையா புளியமரத்தைப் பார்த்தார்.

போன வாரம் ஜீப்பைக் கங்கையாவிடம் ஓட்டிப் போனது அவர்தான். விலை போகாத சிவப்பு ரப்பரை டயரில் ஒட்டி, மேலே கருப்புப் பெயிண்ட் பூசி அனுப்பியிருந்தார் கங்கையா. ராத்திரி இதே ரோட்டில் ரோந்து போனபோது பெயிண்ட் உரிந்திருக்கிறது. காலையில் 'ரத்தம்' வந்துவிட்டது!

விலங்கு கழன்றது. எஸ்.ஐ. குரல் இறங்கியது.

"லாரிய ஓனர்கிட்ட விட்டுட்டு வாப்பா. மெட்ராஸ் ஏர்போர்ட் வரைக்கும் நானே ஜீப்ல கொண்டாந்து விடறேன்."

துலுக்காணம் கும்பிட்டான்.

"நைனா, நான் பஸ்லயே போய்க்கிறேன். உங்க ஜீப்ல ஏறினா, வழி நெடுக ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எம்மேல ஒரு கொலை கேஸ் எழுதிக்கினே வருவாங்க!"