பெனின் பெயரில் வந்த பதிப்பு

கடியப்பட்டணத்தில் செசிலியின் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஷிஜிக்குப் பயமெல்லாம் இல்லை, அசதிதான் இருந்தது. ராத்திரி முழுக்கக் கம்பெனி வேலை. விடிந்ததும் கடலுக்குக் கிளம்பும் கணவன் டிஜோவுக்குச் சோறு கட்ட வேண்டும். அதற்கும் மேலே சம்பளமில்லாத இந்த ஊர் வெப்சைட். ஒரு மனுஷி எத்தனையைத்தான் இழுப்பாள்?

வள்ளம் கரைக்கு வந்ததும் ஆட்கள் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார்கள். அந்த வெப்சைட் வழியாக வீட்டுப் பெண்களுக்கு 'கரை ஏறியாச்சு' என்று மெசேஜ் போகும். அதைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பார்கள். மெசேஜ் அனுப்பும் அந்தச் சின்ன புரோகிராமை எழுதியவன் செசிலியின் மகன் பெனின். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் சும்மா போட்டுவிட்டான்.

மற்றவர்கள் எழுதியதற்குப் புதுப் பதிப்பு வந்தால் ஷிஜி வரி வரியாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். பெனினுடையதை மட்டும் தானாக ஏறிக்கொள்ளும்படி விட்டிருந்தாள். நம்மூர்ப் பையன்தானே என்ற நினைப்பு. அவன் கடலில் மூழ்கிப் போய், உடல்கூடக் கிடைக்காமல் இரண்டு வருடம் ஆன பிறகும் அதை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது அவன் பெயரிலேயே புதுப் பதிப்புகள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஓட்டை. பாஸ்வேர்டு இல்லாமல் யாரோ உள்ளே புகுந்து மெசேஜ் அனுப்புகிறார்கள். போன வாரம் கடலுக்குப் போயிருந்த கிளீட்டஸின் வீட்டுக்கு 'கரை ஏறியாச்சு' என்று வந்தது. நம்பி, யாரும் தேடிப் போகவில்லை. மறுநாள் முட்டம் கரையில் அவன் உடல் ஒதுங்கியது. சாயங்காலமே போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஊர் பேசியது. அது ஷிஜியின் காதிலும் விழுந்தது.

இன்று டிஜோ கடலில் இருக்கிறான். மத்தியானத்திலிருந்து காற்று சரியில்லை.

பெனினின் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அதை மீட்டு ஓட்டையை அடைக்க அவனுடைய பழைய கம்ப்யூட்டர் வேண்டும்.

"வா மக்களே," என்றாள் செசிலி. "அவனுக்க ரூம்லதான் இருக்கு. நான் ஆஃப் பண்ணல்ல."

ஜன்னல் அடைத்த அறை. வெளியே இரைந்த கடல் இங்கே கேட்கவில்லை. அப்போதுதான் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்ட வலையின் வாடை அடித்தது. ஷிஜி கீபோர்டில் கை வைத்தாள்.

ஈரம்.

"மாமி, இதுல தண்ணி கொட்டிச்சா?"

"நான் அதத் தொடுகதே இல்ல மக்களே."

விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

கடைசிப் பதிப்பு இன்று காலையில் போயிருந்தது. திருடன் யாருமில்லை. அது இந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே போயிருந்தது.

"மாமி, இந்த ரூமுக்கு யாரு வாறா?"

செசிலி தன் போனை நீட்டினாள். பெனின், கரை ஏறியாச்சு. பெனின், கரை ஏறியாச்சு. விரலால் தள்ளத் தள்ள அதுவே வந்தது.

"சாயங்காலமானா வரும். அதப் பாத்துட்டுத்தான் நான் ஒரு வாய் திங்கது. அடைச்சிராத மக்களே. அவன் வாற வழி அது."

ஷிஜி போனைத் திருப்பிக் கொடுத்தாள். இந்தக் கிழவியிடம் பிடுங்குவதற்கு வேறு என்ன மிச்சமிருக்கிறது?

"டிஜோ கடல்ல நிக்கான் மாமி. பொய்யா ஒரு மெசேஜ் வந்தா நான் தேடக்கூட மாட்டேன்."

"பொய்யின்னு யாரு சொன்னா?"

ஷிஜி திரும்பி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். ஓட்டையை அடைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ சொட்டியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றினாள்.

சொட்டுவது பக்கத்தில் வந்தது. பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

புதுப் பதிப்பை வெளியிட்டாள். ஊர் வெப்சைட்டில் அதை ஏற்றி, இனி எதுவும் தானாக ஏறாதபடி பூட்டினாள். பாஸ்வேர்டு இல்லாமல் நுழைந்து பார்த்தாள், முடியவில்லை. சத்தம் நின்றுவிட்டது.

வெளிச்சம் மங்கியது. செசிலி போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அது ஒலிக்கவே இல்லை. பக்கத்தில் போய் உட்கார ஷிஜிக்கு முகமில்லை.

ஷிஜியின் போன்தான் அதிர்ந்தது.

டிஜோ, கரை ஏறியாச்சு.

அப்பாடா. ஓட்டையைத் தன் கையாலேயே அடைத்தாயிற்று, இனி வருவது நிஜம்தான். அழுகையும் சிரிப்புமாக அவள் கரைக்கு ஓடினாள். வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிஜோவின் வள்ளம் மட்டும் கண்ணில் படவில்லை.

"டிஜோவா?" வடம் பிடித்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "அவன் இன்னும் வரல்லியே. தேடப் போறதுக்குத்தான் ஆள் சேக்கோம்."

அவள் போனில் கூப்பிட்டாள். டிஜோவின் போன் அணைந்திருந்தது. மெசேஜ் மட்டும் திரையில் இருந்தது.

பின்னாலேயே வந்த செசிலி அதை எட்டிப் பார்த்தாள். பிறகு ஷிஜியின் தலையை மெதுவாகத் தடவினாள்.

"ஒனக்கும் வரத் தொடங்கியாச்சா மக்களே? பயராத. இனி டெய்லி வரும்."