பொதுக்காட்டில் பெட்டைக் குரல்

வான்கோழியைக் கூப்பிடும் சிலேட்டை ராய்ஸ் மூன்று முறை குச்சியால் உரசினான். முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதில் குச்சி வழுக்கி, பெட்டை வான்கோழியின் கூவல் பாதியில் உடைந்து, எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. வழக்கமாக அவனுக்கு நேர்வதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு, பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் காபி குடித்து, மூடியைத் திருகி வைத்த பிறகு, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து இருட்டிலிருந்து பதில் வந்தது. இரண்டு கூவல்கள் சுத்தமாக. மூன்றாவதில் ஒரு வழுக்கல். அதே கிறீச்.

எதிரொலி என்று முதலில் நினைத்தான். எந்த எதிரொலி ஓர் ஆள் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருக்கும்? சரி, ஏதோ கிழட்டுப் பெட்டை, அதற்கும் தொண்டை சரியில்லை போல என்று சமாதானப்படுத்திக்கொண்டான். கற்றுக்குட்டிக்கு இது ஒரு வசதி. எது சரி, எது சரியில்லை என்று தெரியாததால் எல்லாவற்றையும் சகஜமாக எடுத்துக்கொண்டுவிடலாம்.

வசந்த கால வேட்டைக்கு அன்று கடைசி நாள். அமெரிக்காவின் ஓசார்க் மலைக்காட்டில் அவனுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த வளையும் இல்லாத எலிகள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அரசாங்கத்தின் பொதுக்காட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தால், கால் வைக்கும் இடமெல்லாம் இன்னொருவன் ஏற்கெனவே கால் வைத்திருப்பான். முதல் வாரம் குண்டுக்குத் தப்பிய சேவல்கள் எல்லாம் அதற்குள் வக்கீல்களைவிடக் கெட்டிக்காரர்கள் ஆகியிருக்கும். இன்று வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு பழைய பிக்கப் மட்டும்தான் நின்றது. ஓக் மரங்களின் மஞ்சள் மகரந்தம் அதன் கண்ணாடியை முழுக்க மூடியிருந்தது. வண்டியைக் கழுவாத சோம்பேறி எவனோ என்று நினைத்து ராய்ஸ் கடந்து வந்துவிட்டான்.

டயர் கடையில் வேலை செய்யும் அவன் நாற்பது வயது வரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. மனைவி நடீனின் வீட்டாருக்கோ வான்கோழிதான் குலதெய்வம். அவளுடைய அண்ணன் வெஸ்லிதான் சிலேட்டு உரசக் கற்றுக்கொடுத்தவன். கற்றுக்கொடுத்த கையோடு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவனும் அவனே.

"பொட்டக்கோழி மாதிரி குரல் கொடுக்கணும், சேவல் மயங்கித் தேடி வரணும். அவ்ளோதான் மாப்ள வித்தை. நீ உரசுறதைக் கேட்டா அந்தச் சேவல் சாமியாராப் போயிடும்!"

"ஒரு நாள் வரும் மச்சான்."

"வரும் வரும். எதைத்தான் நீ முடிச்சிருக்கே? வெல்டிங் படிப்பு போச்சு, கிடாரு போச்சு, படகு கொல்லையில துருப்பிடிச்சுக் கெடக்கு. இதையும் விட்டுடுவே, பாரேன்."

உண்மை என்பதால்தான் சுட்டது. அதற்காகவே அந்த வசந்தம் முழுக்க அவன் ஓய்வு நாள் விடியல்களில் எல்லாம் உண்ணிகளுக்கும் கொசுவுக்கும் இரத்த தானம் செய்தான். ஒரு சேவலின் நிழலைக்கூடப் பார்க்கவில்லை. இன்று கிளம்பும்போது நடீன் தூக்கக் கலக்கத்தோடு வாசல்வரை வந்து சாண்ட்விச் பொட்டலத்தை அவன் பையில் திணித்தாள்.

"வெறுங்கையோட வந்தாலும் வா. பாதியில மட்டும் எழுந்து வந்துடாதே ராய்ஸ். எங்கண்ணன் வாயை ஒரு தடவையாவது அடைச்சுடு."

ஆசையாகத்தான் சொன்னாள். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளா, பாவி மகள். இந்த ஒரு காரியத்தையாவது விடாமல் முடித்தவனாக அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். அவனுக்கு வேறு எந்த ஆசையும் அன்று இல்லை.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில், இரவெல்லாம் கத்திய பக்கிக் குருவிகள் ஒவ்வொன்றாக ஓய, ஈரச் சருகின் புளித்த வாசனை தரையிலிருந்து மெல்ல எழுந்து அவன் வேட்டைக்குக் கட்டிய முகத்திரைக்குள் புகுந்து மூக்கில் தங்க, கறுப்பாக ஒன்றாயிருந்த காடு தனித்தனி மரங்களாகப் பிரிந்துகொண்டிருந்தபோது, மேட்டுக்கு அப்பால் ஒரு சேவல் கொக்கரித்தது. அடித்தொண்டையிலிருந்து உருண்டு வந்த முழுக் கொக்கரிப்பு. ராய்ஸின் நெஞ்சு குதித்து வாய்க்கு வந்துவிட்டது. அவசர அவசரமாக உரசினான். கிறீச். சேவல் உடனே பதில் சொன்னது. அந்தக் கிறீச்சுக்கே மயங்கும் ஒரு முட்டாள் சேவல் உலகத்தில் இருந்திருக்கிறது!

காத்திருந்தான். வரவில்லை. எழுந்து மேடேறினான். மேட்டில் ஒன்றுமில்லை; கொக்கரிப்பு அடுத்த மேட்டிலிருந்து வந்தது. அங்கே போனான். சேவல் இறங்கினால் சருகு கலைந்திருக்கும், எச்சம் கிடக்கும், ஓர் இறகாவது விழுந்திருக்கும். தரை பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. கொக்கரிப்பு அடுத்த பள்ளத்திலிருந்து வந்தது.

வெயில் ஏறியது. முழங்கால் வலித்தது. ஓடை தாண்டும்போது பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. போதும், திரும்பிவிடலாம் என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தபோது, மிக அருகில், புதருக்குப் பின்னாலேயே, கொக்கரிப்பு. பாதி சாண்ட்விச்சை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். அப்புறமும் அப்படித்தான். அவன் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அது அருகில் வந்து கூப்பிட்டது. உற்சாகமாக நடக்கும்போது தள்ளிப் போனது. நடக்க அடம்பிடிக்கும் குழந்தையை மிட்டாய் காட்டிக் கூட்டிப்போவார்களே, அந்த மாதிரி.

ஒரு தடவை அவன் உரசவே இல்லை. வாய் திறக்கவும் இல்லை. வண்டி எந்தப் பக்கம் என்று மனதுக்குள் மட்டும் நினைத்தான். உடனே கொக்கரிப்பு வந்தது.

அப்போதுதான் கவனித்தான். காட்டில் வேறு சத்தமே இல்லை. மரங்கொத்தி இல்லை. அணில் இல்லை. காதோரம் ரீங்கரித்துக்கொண்டிருந்த கொசுகூட எங்கேயோ நின்றுபோயிருந்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தான், சிக்னல் இல்லை. திரும்பிவிடு என்றது ஒரு மனம். பார்த்தியா, விட்டுட்டே, என்றது வெஸ்லியின் குரலில் இன்னொரு மனம். நம் எல்லோரையும் போல அவனும் இரண்டாவது மனத்தின் பேச்சைத்தான் கேட்டான்.

பள்ளத்தின் அடியில் பெட்டைக் குரல் கேட்டது. உற்றுக் கேட்டான். அது பறவை அல்ல, சிலேட்டு. கல்லில் குச்சி உரசும் அந்தச் சொரசொரப்பு அவனுக்குத் தெரியும். எவனோ உட்கார்ந்து, காலையிலிருந்து அவன் துரத்தும் சேவலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறான். பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அந்த அழுக்கு வண்டிக்காரன்! இவ்வளவு நேரமும் ஒரு மனிதனா? அப்பாடா என்றுகூட இருந்தது.

பெட்டைக் குரலை நோக்கி நடக்கக் கூடாது என்பது பொதுக்காட்டின் முதல் பாடம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சருகுச் சத்தத்தைச் சேவல் என்று நினைத்துச் சுட்டுவிடுவான். போயே தீரவேண்டும் என்றால் கையசைக்காமல், விசிலடிக்காமல், மனிதக் குரலில் சத்தமாகப் பேச வேண்டும். ராய்ஸ் பேசினான்.

"அண்ணே! ஆள் வர்றேன்! சுட்டுடாதீங்க!"

பதிலுக்கு உரசல் மட்டும்.

"அந்தச் சேவலை விடிஞ்சதுலேருந்து நான் தொரத்துறேண்ணே. கொஞ்சம் நியாயமாப் பாருங்க."

உரசல் சற்றுத் தணிந்தது. செல்லமாக, கெஞ்சலாக. அவன் நெருங்க நெருங்க இன்னும் தணிந்தது.

பெரிய ஓக் மரம். அதில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் துப்பாக்கியோடு, இலைதழை அச்சிட்ட உடையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தொப்பியிலும் தோளிலும் மடியிலும் மகரந்தம் மஞ்சளாகப் படிந்திருந்தது. தொப்பி விளிம்புக்கும் மரப்பட்டைக்கும் நடுவே சிலந்தி வலை. முகத்திரைக்கு மேலே இமைகளைச் சுற்றி உண்ணிகள், இரத்தம் குடித்து உப்பி, சோள மணிகளாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவே இரண்டு கண்கள். உயிரோடு. ராய்ஸையே பார்த்தன. அழுதுகொண்டிருந்தன.

"அண்ணே?"

கை மட்டும் அசைந்தது. அந்தக் கையில் குச்சி இல்லை. குச்சி எப்போதோ தேய்ந்து முடிந்துபோயிருந்தது. சிலேட்டில் உரசிக்கொண்டிருந்தது விரல். விரலில் மீதியிருந்த எலும்பு.

அந்தக் கண்கள் இடதும் வலதுமாக அசைந்தன. வேண்டாம். வேண்டாம். போ.

கை நின்றது.

நிசப்தம்.

மரத்துக்குப் பின்னாலிருந்து, ஆள் உயரத்துக்கும் மேலேயிருந்து, கொக்கரிப்பு வந்தது. முடிவில் ஒரு சின்னக் கிறீச்சோடு.

ராய்ஸ் ஓடியதாகத்தான் நினைத்தான். கால்களுக்கு அவன் சொன்னதாக நினைவு. நனைந்த இறகின் வீச்சம். நாள்பட்ட இரத்தத்தின் இனிப்பு. பிடரியில் குளிர்ந்து மெலிந்த எதுவோ ஒன்று, மிக மென்மையாக, தோலுக்குள் போனது. வலிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. உட்கார்ந்திருந்தவன் வெற்றுச் சாக்காகப் பக்கவாட்டில் சாய்ந்தான். எதுவோ அவனை மரத்தின் பின்பக்கம் இழுத்தது. துணி கிழிந்தது. பிறகு அவசரமில்லாத ஒரு சத்தம். இறகு உரிப்பது போல. வெகு நேரம்.

காலியான இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ராய்ஸ் அதில் உட்கார்ந்திருந்தான். கால் நீட்டி. மடியில் துப்பாக்கி. இடது கையில் சிலேட்டு. வலது கை தானாக உரச ஆரம்பித்தது. வழுக்கல் இல்லை. கிறீச் இல்லை. வெஸ்லிகூட இவ்வளவு அழகாக உரசியதில்லை.

எழுந்திரு என்று தனக்குத் தானே கத்தினான். உள்ளே மட்டும்தான் கேட்டது. விட்டுவிடுகிறேன், இதையும் விட்டுவிடுகிறேன், துப்பாக்கியை விற்றுவிடுகிறேன், என்னை வீட்டுக்கு விடு என்று அழுதான். கண்ணீர் வந்தது. அதற்கு மட்டும் அனுமதி இருந்தது. ஓர் உண்ணி கழுத்தில் ஏறி, மெதுவாகக் கன்னம் தாண்டி, இமையோரத்தில் இடம் பார்த்தது. நிழல்கள் சுருங்கி மறுபடி நீண்டன. மதியம் ஒரு மணிக்கு வேட்டையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். கை நிறுத்தவில்லை.

பள்ளத்தின் மேலே சருகு நொறுங்கியது.

"ராய்ஸ்?"

நடீன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அப்படியே வந்திருந்தாள். நீல உடை. வெள்ளைக் கைப்பை. காலில் மட்டும் வண்டியில் கிடந்த அவனுடைய பழைய பூட்ஸ். கையில் வெள்ளித்தாள் மூடிய சாப்பாட்டுத் தட்டு. பாதி சாண்ட்விச் கிடந்த இடத்தைத் தாண்டி, அவன் காலடித் தடம் பார்த்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். வேட்டைக்காரன் வீட்டுப் பெண் அல்லவா.

"உரசுறது கேக்குது! எங்கடா இருக்கே?"

நடீன், வராதே. மனிதக் குரல். ஒரே ஒரு மனிதக் குரல். தொண்டையில் இருந்த பலமெல்லாம் திரட்டித் தள்ளினான். உதடு பிரியவில்லை. கை கெஞ்சியது. இனிமையாக.

"அடேயப்பா, ஒரே நாள்ல இவ்ளோ நல்லா உரசக் கத்துக்கிட்டியா!" சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கினாள். ஒரு கிளையைப் பிடித்தாள். வழுக்கினாள். தட்டைச் சாயாமல் பிடித்தாள். "பயந்தே போயிட்டேன் ராய்ஸ். காலையில நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. அண்ணன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். போதும், விட்டுடு. வீட்டுக்குப் போலாம் வா."

அவன் பின்னால், மரப்பட்டையோடு ஒட்டி, எதுவோ தன் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டது.

உரசல் தணிந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னும் தணிந்தது. அவள் அதைத் தேடி வந்தாள். ஓக் மரத்துக்கு நேராக. தொப்பியைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது.

"ஏண்டா அழறே?" என்று கேட்டபடி கையை நீட்டினாள்.

நின்றுவிடு, நின்றுவிடு என்று அத்தனை நேரமாக ராய்ஸ் மன்றாடிக்கொண்டிருந்த கை, நின்றது.